நீ பிறக்கும் முன் வைத்த வாய்தா

அப்பு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மில்லில் உன்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நீ எழுதியிருந்ததை உன் மாமாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை மட்டும் வாசிக்காமல் மடித்து வைத்துவிட்டேன். போன முறை நீ வந்திருந்தபோது நாகல் நகர் கடைத்தெருவில் யாரோ உன்னை நிறுத்தி, "நீ தொட்டில்ல கிடக்கும்போதே கோர்ட்டுப் படி ஏறுன ஆளுப்பா" என்று சொல்லிச் சிரித்தார்களாம். கேஸ் போட்டது பெரியப்பா என்றும் சொன்னார்களாம். அது உண்மையா, உண்மையென்றால் இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாய். உண்மைதான். அடுத்த மாதம் உனக்குப் பதினெட்டு முடிகிறது. தோப்பில் உன் பங்குக்கு இதுவரை உனக்காக நான் கையெழுத்துப் போட்டுவந்தேன், இனி நீயே போடவேண்டும். அந்தப் பழைய கேஸ் கட்டில் உன் பெயருக்கு முன்னால் 'இரண்டாம் பிரதிவாதி, மைனர்' என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நீயாக ஒரு கதை கட்டிக்கொள்வதைவிட, நடந்ததை நான் சொல்லிவிடுவது நல்லது.

உன் அப்பாவும் பெரியப்பாவும் கூடப் பிறந்தவர்கள் இரண்டே பேர். அவர்களைப் பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே அகரத்து நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். மேட்டுக்காடு பெரியப்பாவுக்கு, தென்னந்தோப்பு உன் அப்பாவுக்கு. கிணறு தோப்புக்குள் இருக்கிறது. அந்தக் கிணற்றை வெட்டும்போது உன் அப்பா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். பாறை உடைத்தது, மண் சுமந்தது, வெடி வைக்கும்போது கல் தெறித்து நெற்றியில் தழும்பு வாங்கியது எல்லாம் பெரியப்பா. பாகம் பிரித்த அன்று, 'கிணறு தம்பிக்குப் போனா என்ன, அவன் எனக்குத் தண்ணி விடமாட்டானா' என்று சொல்லிவிட்டு எழுந்து போனாராம். உன் அப்பா இருந்தவரைக்கும் அந்தச் சொல் நின்றது. வாரத்தில் இரண்டு நாள் கமலை பெரியப்பாவுடைய மாட்டைப் பூட்டி அவர் மேட்டுக்காட்டுக்குத்தான் இறைத்தது. எழுத்தில் ஒன்றும் கிடையாது.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை தங்கவில்லை. இரண்டு தடவை மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. அதற்குப் பிறகு ஊரில் யாரும் என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். மூன்றாவதாக நீ. நாள் தள்ளிப்போனதை உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். "இந்தத் தடவை மூணு மாசம் தாண்டட்டும். அப்புறம் அண்ணன்கிட்டச் சொல்லுவோம்" என்றார். அதுவரைக்கும் அவர் இருக்கவில்லை. கல்லறைத் திருநாள் கழிந்த வாரம் காய்ச்சலில் படுத்தவர் எழவே இல்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் என்னைப் பிள்ளையில்லாத விதவை என்றுதான் பார்த்தார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. சொல்லி, இதுவும் தங்காமல் போனால் இரண்டு சாவுக்கு அழ என்னிடம் தெம்பு இல்லை.

நான் தாடிக்கொம்புப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வேலையை மாற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு, உன் மாமா வீட்டுக்கே வந்துவிட்டேன். அவர் அப்போதுதான் நாகல் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் ஊரை விட்டு வந்ததைத் தோப்பை விற்கப்போகிறேன் என்று யாரோ பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். வாங்குகிறவர் இன்ன வியாபாரி என்று பெயர்கூடச் சொன்னார்களாம். அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வந்து கேட்டபோது நான், "இப்ப எதையும் பேச முடியாது, கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன். ஏன் போகட்டும் என்று சொல்லவில்லை. அவர், "கிணத்தையும் சேத்து விக்கத்தான் நாள் கேக்குற" என்று சொல்லிவிட்டுப் போனார். கிறிஸ்துமஸ் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், கோர்ட்டுச் சேவகர் வாசலில் வந்து நின்று என் பெயரைக் கூப்பிட்டார். பிள்ளைகள் முன்னாலேயே சம்மனில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தம்பி பிள்ளையில்லாமல் இறந்துவிட்டதால் சொத்தில் பாதி தனக்குச் சேரவேண்டும், பிரித்துத் தரவேண்டும் என்று பெரியப்பா முன்சீப் கோர்ட்டில் பிராது கொடுத்திருந்தார். இன்ன தேதியில் ஆஜராகிப் பதில் சொல்லாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும் என்று அடியில் அச்சடித்திருந்தது.

வக்கீல் வயதானவர், நல்ல மனுஷர். எங்கள் விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அவர்தான் எனக்கு விளக்கினார். கிறிஸ்தவக் குடும்பத்தில் ஒருவர் உயில் எழுதாமல், பிள்ளையும் இல்லாமல் இறந்தால் மனைவிக்குப் பாதி. பெற்றவர்களும் இல்லாதபோது மீதி கூடப் பிறந்தவருக்கு. பிள்ளை இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதியெல்லாம் பிள்ளைக்கு, கூடப் பிறந்தவருக்கு ஒன்றும் கிடையாது. வயிற்றில் இருக்கிற பிள்ளையும் உயிரோடு பிறந்துவிட்டால் பிள்ளைதான். இதைக் கேட்டதும் உன் மாமா, "அப்பக் கேஸே இல்லைல்ல? அக்கா முழுகாம இருக்குன்னு நாளைக்கே எழுதிப் போட்டுருவோம்" என்றார். வக்கீல் கையைக் காட்டி நிறுத்தினார். "அவசரப்படாதேப்பா. சொன்னா எதிர்க்கட்சி சும்மா இருப்பானா? பொய்யின்னு சொல்லுவான், இல்ல வேற மாதிரி சொல்லுவான். அந்தப் பேச்சு எதுக்கு? வாய்தா வாங்கிக்கிட்டே போவோம். பிள்ளை பிறந்துரட்டும். பிறந்த பிள்ளையைக் காட்டினா பேச்சே இல்லை." எனக்கும் அதுவே நிம்மதியாக இருந்தது. வெளியே சொல்லாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

வாய்தா என்றால் என்ன என்பதை நான் அங்கேதான் கற்றேன். பிராது கொடுத்தவுடன் விசாரணை என்று நீ நினைப்பாய். அப்படியில்லை. சாட்சிக் கூண்டில் ஆள் ஏறுவதற்கு முன்னால் நடக்கவேண்டியதே நிறைய. பிரதிவாதி எழுத்தில் பதில் தரவேண்டும். இரண்டு பக்கமும் தங்களிடம் இருக்கிற பத்திரங்களைக் கொண்டுவந்து வைக்கவேண்டும். எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் தகராறு என்று பார்த்து, தீர்க்கவேண்டிய கேள்விகளை முன்சீப் எழுதவேண்டும். சாட்சிப் பட்டியல், அவர்கள் வந்துபோகப் படிப்பணம் கட்டுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. அந்தத் தேதியில் வேலை முடியாவிட்டால் இன்னொரு தேதி. அப்போதிருந்த முன்சீப் ஓய்வுக்கு நெருங்கியவர். வக்கீல் எழுந்து அவகாசம் என்றதும் தலையை நிமிர்த்தாமலே ஒரு தேதி சொல்லுவார். அதைத் தள்ளுவதற்கு யாருக்கும் கஷ்டம் இருக்கவில்லை. கோர்ட்டுப் புளியமரத்தடியில் ஒருவர் தினமும் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பார். சந்துச் சுவர் கேஸ். தன் மகளுக்குப் பூப்பு நீராட்டிய வருஷம் தொடங்கியதாம், மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளை. "பக்கத்து வீட்டுக்காரன் செத்துட்டான்மா, அவன் மகனோட நடக்குது இப்ப" என்றார். எனக்கு முதல் தேதியில் ஒரு வாய்தா கிடைத்தது. பெரியப்பா கோர்ட்டுத் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்றார், நான் இந்தக் கோடியில். பார்க்காத மாதிரி இருவரும் நின்றோம்.

பிப்ரவரியில் முன்சீப் மாறிவிட்டார். புதிதாக வந்தவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. தெற்கே நாகர்கோவில் பக்கம் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் கேஸ் அழைக்கும் முன்னால் அந்தச் சுவர் கேஸ் வந்தது. வக்கீல் வழக்கம்போல எழுந்து அவகாசம் கேட்டார். "எதுக்கு?" என்றார் முன்சீப். அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்டுப் பழக்கமில்லை. சர்வே வரைபடம் நகல் வாங்கவேண்டும் என்று வக்கீல் தடுமாறினார். "மனுப் போட்டாச்சா?" "இனிமேல்தான்." "இன்னிக்குப் போடுங்க. அவங்க நகல் கொடுக்க எத்தனை நாளாகும்னு நம்ம கிளார்க்குக்குத் தெரியும். அதுக்குமேல ஒரு வாரம் சேத்துத் தர்றேன். அதுக்கப்புறமும் வரலைன்னா வரைபடம் இல்லாமலே விசாரிப்பேன். அந்தப் பக்கத்துக்குச் செலவும் நீங்க கட்டணும்." பிறகு எதிர்த்தரப்பைப் பார்த்து, அந்த வரைபடத்தைப் பார்க்க உங்களுக்கு எவ்வளவு நாள் வேண்டும் என்று கேட்டு அதையும் குறித்தார். இப்படியே சாட்சிவரைக்கும் போனார். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். எனக்கு எல்லாம் விளங்கியது. வருஷக்கணக்காகக் கிடந்த கேஸுக்குக் கால்மணி நேரத்தில் கடைசித் தேதிவரைக்கும் போட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் வருஷத் தொடக்கத்தில் எந்தப் பாடத்தை எந்த மாதம் முடிப்பது என்று நாங்கள் எழுதிவைப்போமே, அதைத்தான் அவரும் செய்தார்.

அடுத்தது நாங்கள். என் வக்கீல், "சில ஆவணங்களைப் பார்க்கவேண்டியிருக்கிறது, அவகாசம் வேண்டும்" என்றார். எந்த ஆவணம் என்று கேட்டார் முன்சீப். வக்கீல் கட்டைப் புரட்டினார். "இது சின்ன கேஸ். அண்ணன் பாதி கேக்கிறார். கொடுக்கணுமா வேண்டாமான்னு எழுத ரெண்டு வாரம் போதும். இதுதான் கடைசி. கோடை விடுமுறைக்கு முன்னால விசாரிச்சு முடிச்சிரலாம்" என்று பேனாவை எடுத்தார். கோடை விடுமுறை மே மாதம். உனக்கு நாள் குறித்திருந்தது அந்த விடுமுறையின் கடைசியில். ஏப்ரலில் விசாரணை என்றால் 'தம்பிக்குப் பிள்ளை உண்டா' என்ற கேள்விக்கு அன்றைக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார். சும்மா இரு என்று கண்ணைக் காட்டினார். பின்பெஞ்சில் இருந்த எனக்கு அப்போது வயிற்றில் நீ அசைந்தாய் என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. பேனா நகர்வதைப் பார்த்தேன், எழுந்துவிட்டேன். "ஐயா, நான் முழுகாம இருக்கேன். அஞ்சு மாசம்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். இருபத்தைந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன தொண்டை.

டவாலிச் சேவகர் 'உஸ்ஸ்' என்று அதட்ட வந்தார். முன்சீப் அவரை நிறுத்திவிட்டு எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். இதை ஏன் எழுத்தில் சொல்லவில்லை என்று வக்கீலைக் கேட்டார். அவர் பாவம், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் பெரியப்பாவின் வக்கீல் எழுந்து, இது கேஸை இழுக்கச் சொல்லும் கதை, இறந்தவர் பிள்ளையில்லாமல்தான் இறந்தார், இப்போது புதிதாக ஒரு கர்ப்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். 'எங்கிருந்து' என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். பின்னால் இரண்டுபேர் சிரித்தார்கள். பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேஸ் தொடங்கிய பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முன்சீப் காலண்டரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு தேதிகளைச் சொன்னார். அந்த வரிசையை நான் மறக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் என் பதில் வரவேண்டும், கர்ப்பத்தைப் பற்றி அதில் எழுதியிருக்கவேண்டும். அதற்குமேல் ஒரு வாரத்தில் பெரியப்பா தன் மறுமொழியைத் தரலாம். பாகப் பத்திரம், பட்டா, வரி ரசீது போலப் பிள்ளை பிறப்பதோடு சம்பந்தமில்லாதவை எல்லாம் விடுமுறைக்கு முன்னால் முடியவேண்டும். வாரிசு யார் என்ற ஒரு கேள்வியை மட்டும் கோர்ட்டு மறுபடி திறக்கிற வாரத்துக்குத் தள்ளிவைத்தார். கடைசியாகப் பெரியப்பாவின் வக்கீலைப் பார்த்து, "உங்க கட்சிக்காரருக்கு இந்தக் கர்ப்பத்தில சந்தேகம் இருந்தா, லேடி டாக்டர் பார்க்கணும்னு மனுப் போடலாம். என்ன சந்தேகம்னு எழுத்தில சொல்லி, அவரே கையெழுத்துப் போட்டுச் சத்தியம் பண்ணணும். மார்ச் பதினஞ்சு கடைசி. அன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள வரலைன்னா இந்தப் பேச்சை இந்தக் கோர்ட்டில யாரும் மறுபடி எடுக்கக்கூடாது" என்றார்.

வெளியே வந்ததும் உன் மாமா குதித்தார். "அவனுக்குப் போய் ஒரு நாள் குறிச்சுக் குடுத்துட்டாரே அக்கா! டாக்டரைக் கூட்டியாந்து உன்னயத் தொட்டுப் பாக்கவா?" எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. இரவெல்லாம் யோசித்த பிறகுதான் தெரிந்தது, அந்தத் தேதி பெரியப்பாவுக்கு வைத்ததே ஒழிய எனக்கு வைத்தது இல்லை. அது இல்லாவிட்டால் அந்த 'எங்கிருந்து' என்ற சொல் என் கூடவே வந்துகொண்டிருக்கும். விசாரணையில் வரும், தீர்ப்புக்குப் பிறகு டீக்கடையில் வரும், உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் அன்றைக்கு வரும். சொல்லவேண்டியவர் சொல்லட்டும், தன் பெயரைப் போட்டுச் சொல்லட்டும், இந்த நாளுக்குள் சொல்லட்டும், இல்லையென்றால் வாயை மூடட்டும் என்பதுதான் அந்த உத்தரவு. உனக்கு ஒன்று சொல்லுகிறேன். மில்லில் நாளைக்கு நீ மேஸ்திரி ஆவாய், நாலுபேர் உன்னிடம் வந்து நாள் கேட்பார்கள். எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொடு. அந்த வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கொடு. முகத்தைப் பார்த்துக் கொடுக்காதே, முகத்தைப் பார்த்து மறுக்கவும் செய்யாதே.

மார்ச் பதினைந்தாம் தேதி நான் லீவு போடவில்லை. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும். மத்தியானம் கொண்டுபோன சோற்றைத் திறக்கவில்லை. பாட்டு வகுப்பில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன் என்று பிள்ளைகள் பிறகு சொன்னார்கள். உன் மாமா கடையைச் சாத்திவிட்டுக் காலையிலிருந்து கோர்ட்டு வாசலில் நின்றார். பள்ளிக்கூட மணி அடித்து, பிள்ளைகள் எல்லாம் போய், நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சைக்கிளைச் சுவரில் மோதவிட்டு இறங்கினார். "மனு வரலக்கா. ஆபீஸைப் பூட்டுறவரைக்கும் இருந்தேன். வரல." நான் உட்கார்ந்து அந்த ஆறிப்போன சோற்றை, தொட்டுக்கொள்ள வெஞ்சனம்கூட இல்லாமல், ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

அன்றைக்கு அந்தப் பக்கம் நடந்ததை வெகுநாள் கழித்துப் பெரியம்மாதான் எனக்குச் சொன்னாள். மத்தியானம் அவளும் பெரியப்பாவும் வக்கீல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மனு தயாராக இருந்தது. படித்துக்காட்டச் சொன்னாராம் பெரியப்பா. கர்ப்பம் இருந்தாலும் அது இறந்தவருடையது அல்ல என்று நம்பக் காரணம் உண்டு என்று ஒரு வரி வந்திருக்கிறது. மறுபடி படியுங்கள் என்றாராம். படித்தார்கள். "இதை யாரு எழுதச் சொன்னது?" என்றாராம். பெரியம்மா, "நான்தான் சொன்னேன். அம்புட்டு நாள் இல்லாதது இப்ப எப்பிடி வந்துச்சுன்னு ஊரே பேசுது" என்றாளாம். என்னிடம் இதைச் சொல்லும்போது அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை, நேராகப் பார்த்துத்தான் சொன்னாள். அதனால்தான் நான் நம்பினேன். பெரியப்பா பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "நான் கேட்டது பங்கு. தம்பி பொண்டாட்டி மானத்தை நான் கேக்கல" என்றிருக்கிறார். இன்றைக்குத்தான் கடைசி நாள், விட்டால் பிறகு கேட்க முடியாது, கேஸே கையை விட்டுப் போகும் என்றார் வக்கீல். "போனாப் போகுதுங்க" என்று எழுந்துவிட்டாராம்.

ஆனால் கேஸை அவர் அப்போது வாபஸ் வாங்கவில்லை. அதையும் நீ தெரிந்துகொள்ளவேண்டும், அவரை நான் புனிதராக்கிக் காட்டவில்லை. இரண்டு தடவை தங்காத வயிறு இது. பிள்ளை பிறக்கவில்லையென்றால் பாதி அவருடையது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சட்டமும் அதைத்தான் சொன்னது. பத்திரங்களை ஏப்ரலில் இரண்டு பக்கமும் ஒழுங்காகக் கொண்டுவந்து வைத்தோம். ஒரு தேதி தவறவில்லை. மீதி இருந்தது நீ ஒருவன்தான். வக்கீல் வாயில் அடிக்கடி 'உயிரோடு பிறந்தால், உயிரோடு பிறந்தால்' என்று வரும். சட்டத்தில் இருக்கிற சொல்தான். அதைக் கேட்கும்போதெல்லாம் வயிற்றின்மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வேன்.

நீ கோடை விடுமுறையில், நல்ல வெயில் நேரத்தில் பிறந்தாய். கன்னியர் நடத்திய ஆஸ்பத்திரி. கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததால் உடனே அழவில்லை. அந்தச் சிஸ்டர் உன்னைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிய நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அப்போது தோப்பும் கிணறும் எதுவும் நினைவில் இல்லை. அழுதாய். உன் மாமா கதவுக்கு வெளியிலிருந்தே, "சிஸ்டர், பிள்ளை அழுதுச்சுன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்துருங்க, வக்கீல் கேட்டாரு" என்று கத்தினார். "முதல்ல வெந்நி கொண்டாரச் சொல்லுங்க. காயிதம் எங்கயும் ஓடிப்போகாது" என்று சிஸ்டர் அதட்டினார். மறுநாள் மத்தியானம் பெரியப்பா தனியாக வந்தாராம். வார்டுக்குள் வரவில்லை. தாழ்வாரத்தில் தரை கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், "உள்ள பிள்ளை நல்லாருக்கா?" என்று கேட்டாராம். "அது அழுற அழுகைக்கு எனக்குக் காது வலிக்குது" என்று அந்த அம்மா சொன்னதும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாராம்.

கோர்ட்டு திறந்த வாரம் உன்னைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். உன் பெயரைக் கேஸில் சேர்க்கவேண்டும், அதுதான் முறை. உன்னை இரண்டாம் பிரதிவாதியாகச் சேர்த்து, என்னைக் கார்டியனாகப் போட்டார்கள். யாரும் உன்மேல் தனியாகக் கேஸ் கொண்டுவரவில்லை. கடைத்தெருவில் உனக்குச் சொன்னவருக்கு இது தெரிந்திருக்காது. முன்சீப் உன்னை மூக்குக்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "மைனர் பதில் எழுத எவ்வளவு டைம் வேணும்?" என்று என் வக்கீலைக் கேட்டார். கோர்ட்டே சிரித்தது. இந்தத் தடவை நானும் சிரித்தேன். பெரியப்பாவின் வக்கீல் எழுந்து, கட்சிக்காரரிடம் கலந்து பேசவேண்டும், அவகாசம் வேண்டும் என்றார். "எதுக்கு?" என்று முன்சீப் கேட்டு முடிக்கும் முன்னால் பின்னாலிருந்து பெரியப்பா எழுந்தார். "டைம் வேண்டாங்கய்யா. என் தம்பி மகன் இருக்கான். நான் கேஸை விட்டுர்றேன்." வக்கீல் திரும்பி ஏதோ சொல்ல, அவர் கையை மட்டும் அசைத்தார். செலவுத்தொகை கேட்கிறீர்களா என்று என்னிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

வாசலில் பெரியப்பாவின் கூண்டுவண்டி நின்றது. "வெயில்ல பிள்ளையத் தூக்கிக்கிட்டு நடக்காத, ஏறிக்கம்மா" என்றார். நான் ஏறவில்லை. ஒன்றும் பேசாமல் அவரைத் தாண்டி நடந்துபோய் ஒரு ஜட்கா பிடித்தேன். அந்த 'எங்கிருந்து' என் காதில் இன்னும் இருந்தது, அதைச் சொன்ன வக்கீலுக்குக் கூலி கொடுத்தவர் இவர்தானே. அவர் கையெழுத்துப் போட மறுத்த கதை அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு ஏறியிருப்பேனா என்று சொல்லமாட்டேன். நீ நடக்கத் தொடங்கிய பிறகுதான் தோப்புக்குப் போனேன். அவர் இரண்டு நாள் முறையை அவராகவே நிறுத்தியிருந்தார். மேட்டுக்காடு காய்ந்து கிடந்தது. மாட்டைப் பூட்டச் சொல்லி ஆள் விட்டேன். அன்றைக்கும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, தண்ணீர் மட்டும் போனது. பேச்சு வர இன்னும் ஒரு வருஷம் ஆனது. பெரியம்மா வந்து அந்தக் கதையைச் சொன்ன பிறகு.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாய். சின்ன வயதில் சொன்னால் கேஸ் போட்டார் என்பது மட்டும் உன் மனதில் நிற்கும், கையெழுத்துப் போடவில்லை என்பது நிற்காது. முதலாவதைச் செய்ய அவருக்கு உரிமை இருந்தது. அந்தக் கையெழுத்தைப் போடாமல் இருக்க அவர் பாதித் தோப்பை விட்டார். நீ அகரத்தில், நாகல் நகரில், பள்ளிக்கூடத்தில், கோவிலில் இத்தனை வருஷம் நடமாடியிருக்கிறாய். உன் அப்பா யார் என்று உன்னிடம் ஒருவராவது ஒரு மாதிரிக் கேட்டதுண்டா? யோசித்துப் பார்.

கிணற்றுத் தண்ணீர் முறை இன்றைக்கும் வாயளவில்தான் இருக்கிறது. நீ மின்சார மோட்டார் வைக்க நினைத்தால் அதைப் பேசித் தீர்மானிக்கவேண்டியது நீங்கள் இரண்டுபேரும்தான், என்னை நடுவில் இழுக்காதே. ஒன்று மட்டும் செய். அடுத்த மாதம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கையெழுத்து வேலைக்கு முன்னால் அகரத்துக்குப் போ. "வந்துட்டேன் பெரியப்பா" என்று சொன்னால் போதும். கேஸைப் பற்றி அவர் எடுக்கமாட்டார், நீயும் எடுக்காதே. அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, அருகில் போய் உட்கார். பெரியம்மா இலை போடுவாள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வா.

அம்மா